அகேடியாவில் கோடை: சொந்தக் காரா, இலவசப் பேருந்தா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள அகேடியா தேசியப் பூங்காவுக்கு ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களின் முதல் தலைவலி பார்க்கிங்தான்.

கார் இருந்தால் நினைத்த நேரத்துக்குக் கிளம்பலாம். கேடிலாக் மலை உச்சியில் சூரிய உதயம் பார்க்க ஆசையா? கார் இல்லாமல் கஷ்டம்; இலவசப் பேருந்து அங்கே ஏறாது. ஆனால் காருக்கும் தனி முன்பதிவு வேண்டும், அதுவும் ஆன்லைனில் மட்டும். ஒரு பகுதி இடங்கள் 90 நாள் முன்பும், பெரும்பகுதி 2 நாள் முன்பு காலை 10 மணிக்கும் திறக்கும். உதய நேர இடங்கள் சட்டென்று தீர்ந்துவிடும்.

மற்ற இடங்களுக்கு என் ஓட்டு 'ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர்' பேருந்துக்கே. ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஓடும். டிக்கெட் கிடையாது, பூங்கா நுழைவுச் சீட்டு மட்டும் போதும். சாண்ட் பீச்சில் இறங்கி, கடலோரப் பாதையில் தண்டர் ஹோல் (அலை மோதி முழங்கும் பாறைப் பிளவு) வழியாக ஆட்டர் கிளிஃப் என்ற செங்குத்துப் பாறை வரை நடந்து, அங்கிருந்தே அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம். காரில் வந்தவர் அதே வழியில் திரும்பி நடக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் பெரும்பகுதி ஒருவழி வேறு. பார்க்கிங்கைத் தவறவிட்டால் சுற்றித்தான் வர வேண்டும்.

பேருந்தில் ஒரு குறை: கூட்டம். மதியத்துக்கு மேல் நின்றுகொண்டே வர நேரிடலாம்.

அப்புறம், சாண்ட் பீச்சில் குளிக்கத் துண்டு எடுத்துப்போகிறவர்களுக்கு: கோடையிலும் தண்ணீர் சுமார் 13 டிகிரிதான்!