கோச்சா, டிரெய்னரா?

புளியந்தோப்பில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி குத்துச்சண்டைப் போட்டிக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு வரியில் கோச் பெயர், அடுத்த வரியில் டிரெய்னர் பெயர். "அண்ணா, ரெண்டும் ஒண்ணுதானே? ரெண்டுலயும் நம்ம வாத்தியார் பேரையே எழுதிடவா?" என்று கேட்டாள். தமிழில் இரண்டையும் 'பயிற்சியாளர்' என்றே எழுதிப் பழகிவிட்டதால் அவளுக்கு வந்த குழப்பம் நியாயமானது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

கோச் என்ற சொல் ஹங்கேரியில் உள்ள கோச் என்ற கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது. நல்ல குதிரை வண்டிகளுக்குப் பேர்போன ஊர் அது. ஊர் பெயரே வண்டிக்கும் பெயரானது. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சையில் தங்களைக் கரைசேர்க்கும் ஆசிரியரை 'கோச்' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். விளையாட்டில் இந்தச் சொல் அப்புறம்தான் வந்தது. டிரெய்ன் என்ற சொல்லுக்குப் பழைய பிரெஞ்சு மொழியில் 'இழு' என்று பொருள். கொடியை இழுத்துப் பந்தலில் படரவிடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான்.

நம் பக்கத்தில் இரண்டுமே ரயிலோடு கலந்த சொற்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை டிரெய்ன் ஓடியது. 1955 முதல் பெரம்பூரில் கோச், அதாவது ரயில் பெட்டி, செய்கிறார்கள். ஏறியவரை ஊர் சேர்ப்பது கோச். இழுத்து வசப்படுத்துவது டிரெய்னிங். விளையாட்டிலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது.

வியாசர்பாடி கால்பந்துப் பையன்களிடம் பாருங்கள். யாரை முன்னால் நிறுத்துவது, யாரை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பவர் கோச். ஓடவிட்டு, உடம்பைத் தயார் செய்பவர் டிரெய்னர். கேரமில் டிரெய்னர் என்ற பேச்சே எழாது. 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற வண்ணாரப்பேட்டை காசிமாவுக்கு அப்பாதான் கோச். கிண்டி பந்தயக் குதிரைக்கோ டிரெய்னர் மட்டும்தான். அதனிடம் உட்கார்ந்து ஆட்டத்தைப் பேச முடியாதே! இங்கிலாந்தில் டிரெய்னர்ஸ் என்றால் ஸ்போர்ட்ஸ் ஷூ என்பது தனிக் கதை.

குத்துச்சண்டையில்தான் இந்தக் கோடு கலைகிறது. இரண்டு ரவுண்டுகளுக்கு நடுவே கிடைப்பது ஒரே நிமிடம். மூலையில் நிற்பவர் வியர்வையைத் துடைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், "அவன் இடது கையை இறக்குறான், அங்க பூந்து அடி" என்றும் சொல்ல வேண்டும். உடம்பும் உத்தியும் ஒரே ஆள் கையில். அதனால்தானோ என்னவோ, தொழில்முறை குத்துச்சண்டையில் டிரெய்னர் என்பதே பெரிய பட்டம். முகமது அலியின் மூலையில் நின்ற ஏஞ்சலோ டண்டீயை டிரெய்னர் என்றுதான் உலகம் அழைத்தது.

ஆனால் இந்தியாவில் அரசு வழக்கு வேறு. 1961இல் தொடங்கிய பாட்டியாலா விளையாட்டு நிறுவனம் கொடுப்பது கோச்சிங் டிப்ளமோ. 1985 முதல் வழங்கப்படும் துரோணாச்சார்யா விருதும் கோச்சுகளுக்குத்தான். ஆகவே, குத்துச்சண்டை சொல்லித்தரும் வாத்தியாரை இங்கே விண்ணப்பத்தில் கோச் என்று எழுதுவதே சரி.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஜிம்மில் உடம்பை ஏற்றிவிட்டவரையே கோச் என்று நம்பி, அவரையே மூலையில் நிறுத்திய பையன்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று ரவுண்டும் மூச்சு வாங்காமல் நின்றார்கள். ஆனால் எதிராளி ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டபோது அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இல்லை. திறமையான பிள்ளைகள் அப்படித் தோற்பதைப் பார்க்க மனசு தாங்காது. அந்த ஜிம்காரர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். அது வேறு வேலை, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணிடம் திரும்பக் கேட்டேன்: "காலையில உன்னை ஓடவைக்கிறது யாரு?"

"மாமாதான், அண்ணா. அஞ்சு மணிக்கே எழுப்பிடுவார். ஸ்கிப்பிங்குக்கு வாட்ச் பிடிக்கிறதும் அவர்தான்."

கோச் வரியில் வாத்தியார் பெயரை எழுதினாள். டிரெய்னர் வரியில், கொஞ்சம் யோசித்துவிட்டு, மாமாவின் பெயரை முழு இனிஷியலோடு எழுதினாள்.