பூண்டிக்குப் போனால் ஏரியோடு திரும்பிவிடாதீர்கள்

பூண்டியில் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம், அதாவது அருங்காட்சியகம், ஒன்று இருப்பதே, ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஏரிக்குப் போகிற சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. மீன் வறுவல், மதகு, நாலு செல்ஃபி, திரும்பிவிடுவார்கள்.

சின்ன இடம்தான். நின்று நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் போதும். கீழடி மாதிரி செட்டிநாட்டு வீட்டு முகப்பு, பெரிய திரையில் படம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், இங்கே இருப்பதில் பெரும்பகுதி கல். பழைய கற்காலத்தில் தொடங்கி பெருங்கற்காலம் வரை வருகிறது, ஆனால் என்னைக் கேட்டால் முதல் பகுதியிலேயே நேரத்தைச் செலவிடுங்கள்.

அந்தக் கைக்கோடரிகள்! குவார்ட்சைட் கல், உள்ளங்கையில் அடங்குகிற அளவு, மேலே கூர்மை, கீழே பிடிக்க வாகான உருட்டு. நேராகப் பார்த்தால் ஆற்றில் கிடக்கிற கல் போலத்தான் தெரியும், கொஞ்சம் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள், ஓரம் நெளிநெளியாகப் போவது தெரியும். ஒரு பக்கம் ஒரு சில்லு, திருப்பி மறுபக்கம் ஒரு சில்லு என்று மாறி மாறித் தட்டினால்தான் அப்படி வரும். கை தவறினால் கல் பாதியாகப் போய்விடும், அப்புறம் வேறு கல்தான். அதையும் மீறி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்படி செதுக்கியிருக்கிறார்கள்.

நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை எடுத்தார், அதே ஆண்டில் அவரும் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் பூண்டிப் பக்கத்து அத்திரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கிற ஊர். பின்னாளில் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டி, அடி அடுக்குக் கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டார்கள். நம் மாதிரி மனிதர்களே அப்போது கிடையாது. செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை, விலங்குப் பற்கள் மூன்று கிடைத்திருக்கின்றன. கீழடியின் 2,600 ஆண்டுக்கு நாம் போடுகிற சத்தத்தில் கால்வாசியாவது இதற்குப் போடக்கூடாதா என்று எனக்கு ஒரு ஆதங்கம், சரி, அதை விடுங்கள்.

ஒரு யோசனை. இந்த ஆற்றங்கரைக் கதையைப் பிள்ளைகளுக்கு வழியிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். சும்மா கொண்டுபோய் விட்டால் 'கல்லுதானே' என்று ஐந்து நிமிடத்தில் வெளியே ஓடிவிடுவார்கள். என்னோடு வந்த அக்கா மகன், எந்தக் கல்லில் எத்தனை சில்லு பெயர்த்திருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கியவன்தான், நாங்கள் கிளம்பக் கூப்பிட்டதும் கோபித்துக்கொண்டான்.

பூண்டிப் பக்கத்தில் கற்காலத் தடயங்கள் கிடைத்த குடியம் குகையையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். காட்டுக்குள் நல்ல நடை, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருப்பது நல்லது, தண்ணீர் நிறைய வேண்டும். கோடையில் வேண்டவே வேண்டாம். அகழ்வைப்பகம் மட்டும் என்றால் வார நாளில் போங்கள், ஏரிக் கூட்டம் இருக்காது. திருவள்ளூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அன்று திறந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைத் திருவள்ளூரிலேயே முடித்துவிடுங்கள், ஏரிப் பக்கம் நாங்கள் சாப்பிட்ட மீனில் மிளகாய்ப் பொடிதான் அதிகம்.