வகுப்பறையில் அடைவைக்க எது சரி: வாத்து முட்டையா, கோழி முட்டையா?

வகுப்பறையில் முட்டை பொரித்துக் காட்டலாம் என்று முடிவானதும் பெரும்பாலும் கோழி முட்டைதான் வந்து சேரும். எளிதில் கிடைக்கும், 21 நாளில் வேலை முடியும், சின்ன இன்குபேட்டரிலும் (முட்டை பொரிக்கும் பெட்டி) ஒரு டஜன் அடங்கும். இதையெல்லாம் தெரிந்தே நாங்கள் வாத்து முட்டைக்குப் போனோம். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும். வாத்துக்கு 28 நாள் ஆகும். கோழி முட்டைக்கான தட்டில் அது உட்காராது. பொரித்த பிறகு துடைத்து மாளாது. அப்படியிருந்தும், மாணவர்கள் அளந்து பார்க்கவும் கணக்குப் போடவும், தவறினால் ஏன் தவறியது என்று தேடவும் வாத்து முட்டை கொடுக்கும் வேலையைக் கோழி முட்டை கொடுப்பதில்லை.

காடையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 17, 18 நாளில் பொரித்துவிடும் என்பது ஒன்றுதான் லாபம். ஓட்டில் உள்ள கரும்புள்ளிகளால் டார்ச் வைத்தாலும் உள்ளே சரியாகத் தெரியாது, குஞ்சோ சின்னக் கைகள் இறுக்கிப் பிடித்தால் தாங்காது. மஸ்கோவி வாத்துக்குச் சுமார் 35 நாள்; அதில் எங்களுக்குப் பழக்கம் குறைவு என்பதால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லவில்லை. கீழே வாத்து என்று சொல்வதெல்லாம் காக்கி கேம்ப்பெல், இந்தியன் ரன்னர், பெக்கின் போன்ற 28 நாள் இனங்களைத்தான்.

நாட்காட்டி

21, 28 இரண்டுமே ஏழின் மடங்கு. எந்தக் கிழமை அடைவைக்கிறோமோ அதே கிழமை பொரிக்கும். திங்களன்று வைத்துவிடாதீர்கள். பெட்டியின் சூடு இம்மி கூடினாலும் ஒரு நாள் முந்தி, பூட்டிய பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை பொரித்துவிடும். செவ்வாய் அல்லது புதன்தான் பாதுகாப்பு.

கோழிக்குஞ்சு ஓட்டில் முதல் விரிசல் விட்டதிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் எடுக்கும். அதனால் சாயங்காலம் விரிசல் கண்டு, மறுநாள் காலை பிள்ளைகள் வரும்போது உலர்ந்த குஞ்சுகள் நின்றுகொண்டிருப்பது சாதாரணம். வாத்துக்குஞ்சு 24 முதல் 48 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு அது பொறுமைச் சோதனை. ஆனால் இரண்டு பள்ளி நாள்களில் ஏதாவது ஒரு பாடவேளையிலாவது குஞ்சு ஓட்டைச் சுற்றி உடைத்துக்கொண்டு வருவதை வகுப்பு நேரில் பார்த்துவிடும்.

டார்ச் பார்ப்பதிலும் வாத்து முட்டைக்கே முதலிடம். வெள்ளை அல்லது இளம்பச்சை ஓடு வெளிச்சத்தை நன்றாக விடுகிறது. 7ஆம் நாள் இருட்டறையில் அகன்ற முனையில் எல்இடி டார்ச்சை ஒட்டி வைத்தால், நடுவில் கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால் போலப் பிரியும் ரத்த நாளங்களும் தெரியும். வெறும் மஞ்சள் ஒளி மட்டும் தெரிந்தால் கூமுட்டை. நாளங்கள் இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு தொடங்கி இறந்துவிட்டது. பழுப்பு ஓட்டுக் கோழி முட்டையில் இவ்வளவு தெளிவை எதிர்பார்க்க முடியாது.

எல்லாம் ஈரப்பதத்தில்தான்

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அடையில் இருக்கும் நாளெல்லாம் அவற்றின் வழியே நீர் ஆவியாகி வெளியேறும். அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். அகன்ற முனையில் உள்ள காற்றறை இப்படித்தான் வளர்கிறது. குஞ்சு ஓட்டைத் தொடும் முன் உள் சவ்வைக் கிழித்து, அலகை இந்தக் காற்றறைக்குள் நீட்டித்தான் முதல் மூச்சை இழுக்கும். நீர் போதிய அளவு வெளியேறாவிட்டால் காற்றறை சிறுத்து, குஞ்சு உப்பி, திரவத்திலேயே மூச்சு முட்டிச் சாகும். அளவுக்கு மீறி வெளியேறினால் சவ்வு தோல்போல் இறுகிக் குஞ்சை ஒட்டிக்கொள்ளும். திரும்ப முடியாமல் விரிசலோடு நின்றுவிடும்.

இது கோழிக்கும் பொருந்தும். ஆனால் கோழி முட்டை மன்னித்துவிடும். ஈரப்பதம் சில புள்ளிகள் முன்பின் இருந்தாலும் பெரும்பாலான குஞ்சுகள் வந்துவிடும், யாரும் அளவைக் கவனிக்கவே மாட்டார்கள். வாத்து முட்டையில் பிழை ஒரு வாரம் கூடுதலாகச் சேர்கிறது. வகுப்பறையில் வாத்து தோற்றதாகச் சொல்லப்படும் கதைகளில் பல, 26ஆம் நாளுக்குப் பிறகு, முழு வளர்ச்சி அடைந்த குஞ்சு உள்ளேயே இறந்த கதைகள்தாம்.

இதற்கு மருந்து தராசு. வாத்து முட்டை 25ஆம் நாளுக்குள் தொடக்க எடையில் சுமார் 14 சதவீதம் இழக்க வேண்டும்; 13 முதல் 15 வரை பரவாயில்லை. 75 கிராம் முட்டை என்றால் மொத்தம் 10.5 கிராம், நாளொன்றுக்குச் சுமார் 0.42 கிராம். 7ஆம் நாள் 72.1, 14ஆம் நாள் 69.1, 21ஆம் நாள் 66.2, 25ஆம் நாள் 64.5. இந்தப் புள்ளிகளை வரைபடத்தாளில் ஒரு நேர்கோடாகப் போட்டுவிட்டு, வாரந்தோறும் உண்மையான எடையைப் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். 7ஆம் நாள் 73.5 இருந்தால் உள்ளே ஈரம் அதிகம், ஒரு தண்ணீர்க் காடியை (பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றும் பள்ளம்) காலி செய்யுங்கள். 70.5 இருந்தால் ஈரம் போதவில்லை, இன்னொரு காடியை நிரப்புங்கள். நான்காம் வகுப்பு மாணவர்கூட இந்த முடிவை எடுத்துவிட முடியும். இந்த ஒரு வரைபடத்துக்காகவே வாத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

0.1 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் எண் போட்டு (பென்சிலால் மட்டும்) தனித்தனியே நிறுக்கலாம். 1 கிராம் தராசுதான் என்றால் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்து வகுத்துக்கொள்ளுங்கள். கூமுட்டையை எடுத்துவிட்ட பின், மீதமுள்ள முட்டைகளின் தொடக்க எடையை மட்டும் கூட்டிக் கணக்கைத் திருத்த மறக்கக் கூடாது.

இன்குபேட்டரின் ஈரப்பத எண்ணை அப்படியே நம்பாதீர்கள். விலை குறைந்த அளவிகள் பல புள்ளிகள் தவறிக் காட்டும். பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்துச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நனைந்த மணல் பதம் வந்தால் போதும், கரைந்துவிடக் கூடாது. அதையும் ஒரு தனி ஈரப்பத அளவியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும். அளவி 69 காட்டினால், இனி அது பெட்டிக்குள் காட்டும் எண்ணோடு 6 கூட்டிக்கொள்ள வேண்டும்.

55 சதவீதத்தில் தொடங்கி, எடை சொல்வதைக் கேட்டு ஏற்றி இறக்குங்கள். இன்னொன்று: ஈரப்பதத்தை முடிவு செய்வது தண்ணீரின் பரப்பு. ஆழமாக ஊற்றினால் அடுத்த முறை ஊற்றும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஈரம் கூட வேண்டுமானால் காடியில் ஸ்பாஞ்சுத் துண்டை நிறுத்தி வையுங்கள்.

முட்டையும் பெட்டியும்

மின்விசிறி உள்ள பெட்டியில் இரண்டுக்குமே 37.5 டிகிரி செல்சியஸ். விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 டிகிரி அளவு இருக்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டிதான் கைவசம் என்றால் கோழியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேலுக்கும் கீழுக்கும் சூடு வேறுபடும் பெட்டியில் பெரிய முட்டை கூடுதல் தொல்லை. 12 கோழி முட்டை பிடிக்கும் பெட்டியில் வாத்து முட்டை எட்டு, ஒன்பதுதான் அடங்கும். தானாகத் திருப்பும் தட்டு வாத்து முட்டைக்கு இடம் தருகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். அது இல்லையென்றால், வார இறுதியிலும் ஒரு நாளைக்கு மூன்று முறையாவது கையால் திருப்ப யாராவது வந்தாக வேண்டும்.

அடைவைக்கும் முட்டை ஏழு நாளுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. அதுவரை குளிர்ச்சியான இடத்தில், 13 முதல் 16 டிகிரியில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கலாம். தூரத்திலிருந்து வந்த முட்டைகளை ஒரு நாள் அசையாமல் விட்ட பிறகே பெட்டிக்குள் வையுங்கள். வாத்து முட்டை சேறு படிந்தே வரும். குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் உள்ளிருப்பது சுருங்கி, துளைகள் வழியே அழுக்கையும் கிருமியையும் உள்ளே இழுக்கும். உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். அதற்கும் போகாத அழுக்கு முட்டையை ஒதுக்கிவிடுங்கள். அழுகிய வாத்து முட்டை பெட்டிக்குள் வெடித்தால் அந்த நாற்றத்தில் வகுப்பே நடக்காது. 10ஆம் நாளுக்குள் கூமுட்டைகளை எடுத்துவிட வேண்டும். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முகர்ந்து பார்ப்பதும் ஒரு வேலை.

இரண்டாம் வாரத்திலிருந்து 25ஆம் நாள் வரை தினமும் 10, 15 நிமிடம் மூடியைத் திறந்து ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரைப் புகைபோலத் தெளித்து மூடுவது வாத்து வளர்ப்பவர்களின் பழைய வழக்கம். கோழிக்கு இது கிடையாது. சின்னப் பெட்டியில் இதனால் எவ்வளவு கூடுதலாகப் பொரிக்கும் என்று எங்களால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எடை பார்க்கும் நேரமும் இதுவும் ஒன்றாகப் போவதால் செய்துவிடலாம். சனி, ஞாயிறு விட்டுப்போனால் கவலை வேண்டாம்.

கோழிக்கு 18ஆம் நாள், வாத்துக்கு 25ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றி, காற்றுத் துளையை நன்றாகத் திறந்து விடுங்கள். அதன்பின் மூடியைத் தொடக் கூடாது. ஒருமுறை திறந்தால் ஈரம் சட்டென இறங்கி, விரிசல் விட்ட முட்டையின் சவ்வு காய்ந்துவிடும். மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஓட்டை உரித்து உதவலாமா என்பதாக இருக்கும். விரிசல் விட்ட பிறகும் சவ்வின் நாளங்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட்டிருக்காது. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கொட்டும். 48 மணி நேரம் வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே உதவி.

பொரித்த பிறகு

இங்கே கோழிதான் ஜெயிக்கும், மறைப்பதற்கில்லை. கோழிக்குஞ்சுக்கு உலர்ந்த பெட்டி, விளக்கு, தீனி, தண்ணீர் போதும். வாத்துக்குஞ்சு நாசித்துளை வரை அலகை முக்கிக் கழுவ வேண்டும். முக்கிய தண்ணீரைச் சுற்றிலும் உதறும், தீனியையும் அதில் குழைக்கும். தண்ணீர்த் தட்டைக் கம்பிவலை பொருத்திய ஒரு தட்டத்தின் மேல் வைத்தால் சிந்துவது கீழே இறங்கும். விரிப்பு ஓரளவு காயும். ஆழமான பாத்திரம் வைத்தால் கூழாங்கல் நிரப்புங்கள். தாயில்லாத குஞ்சின் தூவியில் எண்ணெய்ப்பூச்சு இருக்காது. நனைந்தால் குளிரில் விறைத்துவிடும். செய்தித்தாள் விரித்தால் வழுக்கிக் கால் அகன்றுவிடும், ரப்பர் விரிப்புதான் சரி.

தீனியில் ஒரு பொறி உண்டு. வாத்துக்குஞ்சுக்குக் கிலோ தீனிக்கு 55 மில்லிகிராம் நியாசின் (வைட்டமின் பி3) தேவை. கோழிக்குஞ்சுத் தீனியில் அவ்வளவு இருக்கும் என்று நம்ப முடியாது. குறைந்தால் கால் வளைந்து நொண்டும். மருந்து கலக்காத தீனியோடு புரூவர்ஸ் ஈஸ்ட் சேர்த்தால் தீரும். சால்மோனெல்லா என்ற கிருமியின் அபாயம் இரண்டிலும் உண்டு: தொட்டவர் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முகத்தோடு சேர்த்து அணைக்கக் கூடாது.

பொரித்ததும் கண்ணில் படுவதைத் தாயாக எண்ணிப் பின்தொடரும் பழக்கத்தைக் காட்ட வாத்துக்கு இணை கிடையாது. விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் வாத்து இனத்தைச் சேர்ந்த கூஸ் குஞ்சுகளை வைத்து இதைப் பிரபலமாக்கினார். உளவியலாளர் எக்கார்ட் ஹெஸ் 1950களில் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் குஞ்சுகளைச் சோதித்து, பொரித்த 13 முதல் 16 மணி நேரத்துக்குள் இந்தப் பதிவு மிக வலுவாக விழுவதைக் கண்டார். அதனாலேயே ஒற்றைக் குஞ்சு வளர்க்கக் கூடாது. அது மனிதரையே தன் கூட்டமாக எடுத்துக்கொண்டு, தனியே விட்டால் ஓயாமல் கத்தும். குறைந்தது மூன்று குஞ்சுகள் வர வேண்டும் என்றால் எட்டு முட்டைக்குக் குறையாமல் வையுங்கள்.

கொடுத்துவிடும் கட்டத்தில் வாத்து மறுபடி முந்துகிறது. பொரிப்பதில் ஏறத்தாழ பாதி ஆண். கூவும் சேவலை வீட்டுப் பக்கத்தில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆண் வாத்தின் குரல் கரகரத்த முனகல்தான், கத்துவது பெட்டை. ஆனாலும் நான்கைந்து பெட்டைக்கு ஓர் ஆண் என்ற கணக்கு மீறினால் பெட்டைகள் காயப்படும் என்பதால், ஏற்கெனவே கூட்டம் வைத்திருக்கும் பண்ணையோடுதான் பேச வேண்டும். குளத்தில் கொண்டுபோய் விடுவது கொல்வதற்குச் சமம். பண்ணை வாத்துக்கு அங்கே தப்பிப் பிழைக்கத் தெரியாது. பண்ணையின் ஒப்புதல் கையில் வந்த பிறகே முட்டை வாங்குங்கள். குஞ்சுகளை 10 நாளுக்குள் அனுப்பிவிடுங்கள், இரண்டாம் வாரம் முடியும்போது அந்தப் பெட்டி அவற்றுக்குப் போதாது.