கெந்திங்கில் ‘அப்கிரேட் உறுதி’ என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது, அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். முகநூலிலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் மலேசியாவின் மலை உல்லாசத் தலமான கெந்திங்கைப் பற்றி ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. “கெந்திங் ரூம், விடுமுறை விலை ஏற்றம் இல்லை, டீலக்ஸ் அப்கிரேட் உறுதி, தீம் பார்க் டிக்கெட்டும் சேர்த்து.” முழுக்கத் தமிழில் இருக்கும். கீழே நாலு பேர் “நம்பிக்கையான தம்பி” என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தம்பியிடம் நாங்கள் 1,700 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். மூன்று அறைக்குக் கட்டியதில் நேரத்துக்குக் கைக்கு வந்தது ஒரே அறை.

ஆளின் பெயரை இங்கே போடவில்லை. போலீஸில் புகார் இருக்கிறது. போட்டாலும் பிரயோசனம் குறைவு, புலனத்தில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு பெயர், அடுத்த மாதம் வேறு பெயராக இருக்கும். ஹோட்டல்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் இருந்த பெண் எங்களுக்காகத் தன்னால் முடிந்ததற்கு மேலேயே செய்தார்.

கோயம்புத்தூரிலிருந்து என் அத்தை மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். அவர்கள் நால்வர், நாங்கள் ஐவர், மாமியாரையும் சேர்த்து. மூன்று அறை, இரண்டு இரவு. மாமியாருக்கு முட்டி வலி, அதனால் மூன்றும் ஒரே மாடியில், பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்று முதல் செய்தியிலேயே எழுதினேன். “கன்ஃபர்ம் அக்கா. ஃபர்ஸ்ட் வேர்ல்டுல சாதா ரூம் விலைக்குப் போடுறேன், அங்க போனதும் டீலக்ஸா மாத்திக் குடுப்பாங்க. எல்லாம் நம்ம ஆளுங்கதான்” என்று பதில் வந்தது.

ஃபர்ஸ்ட் வேர்ல்டு ஹோட்டலில் 7,351 அறைகள். உலகிலேயே அதிக அறைகள் கொண்ட ஹோட்டல் என்று 2015-இல் கின்னஸில் ஏறியது. அதே மலையில் அதே குழுமத்துக்கு ரிசார்ட் ஹோட்டல், கெந்திங் கிராண்ட், குரோக்ஃபோர்ட்ஸ் என்று வரிசையாக வேறு ஹோட்டல்களும் இருக்கின்றன. இந்த ஏமாற்று வேலை நிற்பதே இந்த எண்ணிக்கையின் மேல்தான். ஏழாயிரம் அறை இருக்கிற இடத்தில் மூன்றை மாற்றித் தர மாட்டார்களா, எல்லாம் ஒரே கம்பெனிதானே என்று கேட்பவருக்குத் தோன்றும். தோன்றவேண்டும் என்றுதான் அவரும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் லேசில் நம்புகிறவர் இல்லை. வங்கிக் கணக்கு எண்ணை, புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பார்த்தார், புகார் எதுவும் இல்லை என்று காட்டியது. சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். உடனே ஒரு சான்றிதழின் படம் வந்தது, முத்திரையோடு, எண்ணோடு. டுயிட்நவ் என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் பணம் அனுப்பும்போது திரையில் ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டதற்கு, “கம்பெனி கணக்குல லிமிட் முடிஞ்சிருச்சு அண்ணே, இது எங்க அண்ணன் கணக்கு” என்றார். அறைக்கு 1,080, சுற்றுலா வரி 60, எட்டு டிக்கெட்டுக்கு 560. மாமியார் ராட்டினம் எதிலும் ஏறமாட்டார், அவருக்கு டிக்கெட் வேண்டாம்.

பணம் போன அரை மணியில் வவுச்சர் வந்தது. ஹோட்டல் சின்னம், மூன்று முன்பதிவு எண், தேதி, எல்லாம் சரி. அறை வகை என்ற இடத்தில் மட்டும் ‘ரன் ஆஃப் ஹவுஸ்’ என்று இருந்தது. ஹோட்டல் தொழிலில் இருக்கும் என் தோழி பிறகு விளக்கினாள். அன்றைக்கு எந்த அறை காலியோ அதை ஹோட்டல் தரலாம், இன்ன வகைதான் வேண்டும் என்று கேட்க விருந்தினருக்கு உரிமை இல்லை, அதுதான் அதன் பொருளாம். டீலக்ஸ் என்பது புலனத்தில் பேசிய பேச்சு. ஹோட்டலுக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது.

மேலே போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்றரை இருக்கும். லாபியில் நிற்க இடமில்லை. சிங்கப்பூர் பள்ளிகளுக்கும் விடுமுறை, பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள். முதல் எண்ணைச் சொன்னோம், என் வீட்டுக்காரர் பெயரிலேயே இருந்தது, மைகார்டை (அடையாள அட்டையை) காட்டியதும் சாவி கொடுத்தார்கள். சாதாரண அறை. இரண்டாவது எண்ணும் இருந்தது, ஆனால் யாரோ ஒருவருடைய பெயரில். உறுப்பினர் கார்டில் சேர்ந்த புள்ளிகளைக் கழித்துப் போட்ட அறை அது. அந்த உறுப்பினர் வரவேண்டும், அல்லது அவரே ஹோட்டலுக்குச் சொல்லி எங்கள் பெயரைச் சேர்க்கவேண்டும். மூன்றாவது எண்ணைத் தட்டினால் எதுவுமே வரவில்லை. கவுண்டர் பெண் எண்ணைத் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்துவிட்டு, முதல் எண்ணையும் மூன்றாவதையும் அருகருகே வைத்துக் காட்டினார். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் இடம் மாறியிருந்தது.

அப்கிரேட்டைப் பற்றிக் கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னார், அதற்கே அவருக்கு நன்றி. வித்தியாசப் பணத்தைக் கட்டி மேல் வகைக்கு மாறலாம், காலி இருந்தால். அன்றைக்குக் காலி இல்லை. வெளியே யாரோ வாக்குக் கொடுத்தார்கள் என்பதற்காக எதையும் மாற்ற முடியாது.

தம்பிக்கு அழைத்தால் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “அக்கா அப்கிரேட்லாம் ஹோட்டல் இஷ்டம். இன்னிக்கு ஃபுல். ரூமுக்கு நூறு டாப்அப் பண்ணுங்க, நான் உள்ள பேசுறேன்.” மூன்றாவது அறை எங்கே என்று கேட்டதற்கு, “சிஸ்டம் அப்டேட் ஆகலை, ஏழு மணிக்கு வரும்.”

நூறு வெள்ளி அனுப்பவில்லை. ஏழு மணிக்கு இரண்டாவது அறையில் பெயர் மட்டும் சேர்ந்தது, வேறு டவரில். மூன்றாவது வரவே இல்லை. யாரோ ரத்து செய்த ஓர் அறையை அன்றைய விலைக்கு எடுத்தோம், இரவுக்கு 420 வெள்ளி. மாமியார் அதுவரை லாபியில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அத்தை மகன் பணத்தைத் தான் கட்டுகிறேன் என்று பர்ஸை எடுத்தான். விருந்துக்கு அழைத்துவிட்டு அந்தக் காட்சியைப் பார்க்க நேர்ந்ததற்கு எத்தனை வெள்ளி என்று எந்தப் படிவத்தில் எழுதுவது?

வரி விவகாரம் சிறியது, ஆனால் ஆளின் குணம் அதில் நன்றாகத் தெரிகிறது. மலேசியாவில் 2017 செப்டம்பரிலிருந்து சுற்றுலா வரி இருக்கிறது. வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. மலேசியருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. எங்களில் இந்தியக் கடப்பிதழோடு வந்தவர்கள் ஓர் அறை, ஆக இரண்டு இரவுக்கு 20 வெள்ளிதான் கணக்கு. தம்பி மூன்று அறைக்கும் 60 வாங்கியிருந்தார். அந்த 20-ஐயும் ஹோட்டலில் நாங்கள் தனியாகக் கட்டினோம்.

டிக்கெட் கதை மறுநாள். கெந்திங் தீம் பார்க் என்றால் பிள்ளைகளுக்கு ஸ்கைவேர்ல்ட்ஸ்தான், 2022 பிப்ரவரியில் திறந்த வெளிப்புறப் பூங்கா. பழைய வெளிப்புறப் பூங்காவை 2013-இல் மூடியதிலிருந்து இது எப்போது திறக்கும் என்று நாடே காத்திருந்தது. ஹாலிவுட் சினிமா நிறுவனமான ஃபாக்ஸ் பெயரில் வருவதாக இருந்து, வழக்குக்குப் போய், சமரசமாகி, கடைசியில் வேறு பெயரில் திறந்தது. கட்டடத்துக்குள்ளே இன்னொன்று இருக்கிறது, ஸ்கைட்ரோபோலிஸ், 2018-இல் திறந்த உள்ளரங்கப் பூங்கா. அதுவும் தீம் பார்க்தான், நல்ல இடம்தான், ஆனால் இரண்டுக்கும் டிக்கெட் வேறு வேறு. விளம்பரத்தில் ‘தீம் பார்க் டிக்கெட்’ என்று மட்டும் இருந்ததன் காரணம் நுழைவாயிலில் நின்றபோது விளங்கியது. எங்களுக்கு வந்தவை உள்ளரங்கப் பூங்காவுக்கு உரியவை. என் சின்னவன் ஸ்கைவேர்ல்ட்ஸ் வாசலில் நின்று அழுத அழுகையில் மறுபடியும் டிக்கெட் வாங்கினோம்.

இனி, திரும்பி வந்த பிறகு தெரிந்துகொண்டவை.

இந்த மாதிரி ஆட்கள் மூன்று அறையையும் பொய்யாகப் போடமாட்டார்கள். ஒன்று உண்மையாக இருக்கவேண்டும். மூன்றும் பொய் என்றால் கவுண்டரில் நிற்கும்போதே நீங்கள் 997-க்கு அழைத்துவிடுவீர்கள். ஒன்று கிடைத்துவிட்டால் ‘ஏதோ குளறுபடி, சரியாகிவிடும்’ என்று காத்திருப்பீர்கள். ஏழு மணி வரை நாங்கள் காத்திருந்ததும் அப்படித்தான். அந்த நேரத்துக்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போய்விடும். 997 என்பது 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். பணத்தைத் துரத்திப் பிடிக்க வங்கிகளோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள், ஆனால் துரத்த அவர்களுக்கு நேரம் வேண்டும். பாதி கிடைத்தது, பாதி கிடைக்கவில்லை என்றாலும் அங்கிருந்தே அழையுங்கள்.

அப்கிரேட் என்ற பேச்சும் இதே வேலைக்குத்தான். எது கிடைக்காமல் போனாலும் ‘அப்கிரேட் ஹோட்டல் இஷ்டம்’ என்ற ஒரு வரியில் ஒளிந்துகொள்ளலாம். என் தோழியிடம் உண்மையில் அது யாருக்குக் கிடைக்கும் என்று கேட்டேன். கீழ் வகை அறைகளை அளவுக்கு மேல் விற்றுவிட்ட நாளில், மேல் வகை காலியாக இருந்தால் சிலரை ஏற்றிவிடுவார்கள். அந்தச் சிலர் பெரும்பாலும் அடிக்கடி வரும் உறுப்பினர்கள், நேரடியாகப் பதிவு செய்தவர்கள். வெளியாள் மூலம் வந்தவர் வரிசையின் கடைசி. பள்ளி விடுமுறையில், அதுவும் சனிக்கிழமை, மேல் வகையும் நிரம்பியிருக்கும், ஆக ஏற்றிவிட இடமே இருக்காது. செவ்வாய், புதன் கிழமைகளில் போய்ப் பணிவாகக் கேட்டால் ஒருவேளை நடக்கலாம் என்றாள். முன்கூட்டியே உறுதி வேண்டுமென்றால் டீலக்ஸையே பதிவு செய்து டீலக்ஸுக்கே பணம் கட்டவேண்டும், வேறு வழி இல்லை. உயர்ந்த மாடி, பக்கத்துப் பக்கத்து அறை என்று நாம் கேட்பதெல்லாம் ஹோட்டல் குறிப்பில் வெறும் வேண்டுகோளாகத்தான் ஏறுமாம். வயதானவர் இருக்கிறார் என்றால் ஹோட்டலையே அழைத்துச் சொல்வது நல்லது.

முன்பதிவு எண் கைக்கு வந்ததும், கிளம்புகிற நாள் வரை வைத்திருக்காமல் ஹோட்டலை அழையுங்கள். யார் பெயரில் இருக்கிறது, என்ன வகை, பணம் கட்டியாயிற்றா, இதைக் கேட்டால் போதும். வேறொருவர் பெயரில் இருக்கும் பதிவைப் பற்றி உங்களிடம் விவரம் சொல்லமாட்டார்கள். சொல்ல மறுத்தால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

செமாக் மியூலைப் பாருங்கள், ஆனால் அது யாராவது புகார் கொடுத்த பிறகுதான் காட்டும். முதலில் ஏமாறுகிறவருக்கு அது சுத்தமாகத்தான் தெரியும். லைசென்ஸ் படத்தை நம்பாதீர்கள். 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில்துறைச் சட்டப்படி பயண முகவர்களுக்கு உரிமம் கட்டாயம்தான், ஆனால் எங்களுக்கு வந்த சான்றிதழ் வேறொரு நிறுவனத்துடையது. அவர்களை அழைத்துக் கேட்டால், இப்படி ஓர் ஆள் எங்களிடம் இல்லை என்றார்கள். பாவம், அதே கேள்வியோடு எங்களுக்கு முன்னாலும் பலர் அழைத்திருக்கிறார்கள். உரிமத்தில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். கிரெடிட் கார்டு என்றால் வங்கியிடம் பணத்தைத் திருப்பக் கேட்டு முறையிடவாவது ஒரு வழி உண்டு. நாமே கணக்கில் போட்ட பணத்துக்கு அந்த வழி இல்லை.

பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்கும் போகப் பார்த்தோம். 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் ஐந்தே வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. முறையான கடையோ நிறுவனமோ உங்களை மோசமாக நடத்தினால் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் யார் மேல் கோருகிறோமோ அவருடைய பெயரும் முகவரியும் வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும் ‘அண்ணன்’ கணக்கும் மட்டும். அதில்தான் இப்போது நிற்கிறோம்.

போன வாரம் ஒரு தோழி அந்த ஆளின் புதிய விளம்பரத்தை எனக்கு அனுப்பினாள். ‘மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்’ என்று ஆறேழு குடும்பப் படங்கள், அவற்றில் ஒன்று எங்களுடையது. மலை ஏறும்போது கேபிள் காரில் எடுத்தது, “வந்துகொண்டிருக்கிறோம் தம்பி” என்று நானே அவருக்கு அனுப்பியது. சிவப்புச் சால்வை போர்த்திய பெரியம்மா ஒருவர் நடுவில் இருக்கும் படத்தை அப்படிப்பட்ட விளம்பரத்தில் பார்த்தால், அது நாங்கள்தான். பணம் கட்டிவிட்டவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். எங்கள் புகார் எண்ணைத் தருகிறேன், உங்கள் புகாரில் அதையும் குறிப்பிடுங்கள். ஒரே கணக்கின் மேல் பல புகார்கள் சேர்ந்தால் விசாரணை அதிகாரி கோப்பைத் திறந்து பார்ப்பார்.