கென்யா 'லக்ஸரி சஃபாரி'க்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

2025 ஜூலை கடைசியில் கென்யா போய் வந்தோம். நான், என் கணவர், அப்பா, அம்மா. அப்பாவுக்கு அறுபது முடிந்ததற்கு நாங்கள் கொடுத்த பரிசு அது. ஏற்பாடு செய்தது சென்னையில் உள்ள ஒரு டிராவல்ஸ். வழக்கு நடப்பதால் பெயரைப் போட மாட்டேன். தனியாகக் கேட்டு எழுதவும் வேண்டாம். எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன், ஏனென்றால் இதே மாதிரி பிடிஎஃப் இன்னும் நான்கைந்து பேரிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. மரத்தில் படுத்திருக்கும் அதே சிறுத்தைப் படம், அதே வாசகங்கள்.

'உங்களுக்காகவே வடிவமைத்த லக்ஸரி சஃபாரி' என்று பெயர். தலைக்கு மூன்றரை லட்சம். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் மசாய் மாரா காட்டுக்கு, அங்கே நபோய்ஷோ கன்சர்வன்சி என்ற தனிக் காப்பு நிலத்தில் பெயர் சொல்லி ஒரு டென்ட் கேம்ப், எங்கள் நால்வருக்கு மட்டும் லேண்ட் குரூஸர், இரவு சஃபாரி, பிறகு நைவாஷா ஏரி, கடைசியில் நைரோபியில் ஊர் சுற்றல். எல்லாம் எழுத்தில் இருந்தது. எழுத்துக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் 'அல்லது அதற்கு இணையான விடுதி' என்றும் இருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் முதல் அடி. மாரா விமானத்துக்கு டிக்கெட் கேட்டால் டிராவல்ஸின் லோகோ போட்ட வவுச்சரை அனுப்பினார்கள். மாரா போகும் சிறு விமானங்களில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப் பையில்தான் என்பதால் நாங்கள் பெட்டிகளை எல்லாம் வீட்டில் வைத்துவிட்டுத் துணிப் பை வாங்கி அடுக்கி வைத்திருந்தோம். நைரோபியில் இறங்கியதும் வெளியே ஒரு வேன் நின்றது. டிராவல்ஸுக்கு ஃபோன் போட்டேன். "ரோடு வழியா போனா ரிஃப்ட் வேலி வியூ பாயிண்ட் பார்க்கலாம் மேடம், ஃப்ளைட்ல அது மிஸ் ஆயிடும்" என்றார், ஏதோ எங்களுக்கு உபகாரம் செய்தது போல. முக்கால் மணி நேரத்தில் போக வேண்டிய இடத்துக்கு நரோக் வழியாக ஆறு மணி நேரம். வேனில் எங்களோடு இன்னொரு தம்பதி வேறு. அவர்கள் ஆன்லைனில் மலிவாக ஷேரிங் டூர் எடுத்தவர்கள். அவர்கள் கட்டிய தொகையைக் கேட்டதும் என் கணவர் அதற்கப்புறம் நரோக் வரை வாயே திறக்கவில்லை.

இதில் எல்லாம் பெரியது மாரா கட்டண விஷயம்தான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2024 முதல் மசாய் மாரா தேசியக் காப்பகத்தில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கான கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். முன்பெல்லாம் டிக்கெட் 24 மணி நேரம் செல்லும். இப்போது காலை 6 முதல் மாலை 6 வரை மட்டும். வெளியே தங்கியிருப்பவர் மதியம் மூன்றுக்கு உள்ளே போனாலும் ஆறு மணிக்கு அந்த டிக்கெட் செத்துப்போகும். மறுநாள் புதிதாக 200 கட்ட வேண்டும். நால்வருக்கு ஒரு நாளைக்கு 800 டாலர். 'பார்க் கட்டணம் உட்பட' என்று ஒரு டிராவல்ஸ் சொன்னால் லாபம் பார்ப்பதும் கை வைப்பதும் இங்கேதான்.

காப்பகத்தின் நுழைவாயிலான செகெனானி கேட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை இருக்கும். வண்டி நின்ற உடனே மசாய்ப் பெண்கள் ஜன்னலைச் சூழ்ந்துகொண்டார்கள். மணிக்கட்டு வரை பாசிமணி வளையல்களை அடுக்கிக்கொண்டு, கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டித் தட்டி விலை சொன்னார்கள். அம்மா ஒன்று வாங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் மட்டும் இறங்கிப் போய் ஃபோனோடு மரத்தடியில் நின்றார், வரவே இல்லை. போய்க் கேட்டேன். நல்ல மனிதர், அவர்தான் எங்கள் கைடும். அங்கே சஃபாரி கைடுகளுக்கு நடத்தும் தேர்வில் வெண்கலத் தகுதி பெற்ற பேட்ஜ் சட்டையில் இருந்தது. "இப்போது உள்ளே போனால் இரண்டரை மணி நேரத்துக்கு எண்ணூறு டாலர். எனக்கு அலுவலகம் கொடுத்திருப்பது ஒரு நாள் கட்டணம்தான். அதை இன்றைக்கே செலவழிக்கவா, நாளைக்கா? நீங்களே சொல்லுங்கள்" என்றார். அப்பாவைப் பார்த்து, "ம்ஸே, எனக்கும் வெட்கமாக இருக்கிறது" என்றார். அங்கே வயதில் பெரியவர்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்.

கேட் வாசலில் நின்றே சென்னைக்குப் பேசினேன். எனக்குக் கிடைத்த பதிலை அப்படியே தருகிறேன்: "பார்க் ஃபீஸ் இன்க்ளூடட்தான் மேடம். ஒரு நாள் இன்க்ளூடட்."

மூன்று இரவு மாராவில் தங்க வைத்துவிட்டு ஒரு நாளைக்கு மட்டும் காட்டுக்குள் அனுமதி. மீதி நாளுக்கு என்ன? 'கலாசார அனுபவம்' என்று ஒரு மசாய் கிராமத்துக்குக் கூட்டிப் போனார்கள், அதற்கும் ஆளுக்கு இருபது டாலர் எங்கள் கையிலிருந்துதான். தனியாகக் கட்டணம் கட்டி இன்னொரு நாள் உள்ளே போனோம், வேறு வழி? கேட்டில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டும் எம்-பெசா என்ற அந்த ஊர் மொபைல் பணமும்தான். என் கணவரின் கார்டு மூன்றாவது தடவை தேய்த்தபோதுதான் எடுத்தது.

தங்கிய கேம்ப் செகெனானி கேட்டுக்கு வெளியே இருந்தது. சொன்னது நபோய்ஷோ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் பலர் 'டென்ட்தானே, எங்கே இருந்தால் என்ன' என்று விட்டுவிடுகிறார்கள். கன்சர்வன்சி என்பது மசாய் நில உரிமையாளர்களிடம் குத்தகைக்கு எடுத்த தனி நிலம். ஒல் கின்யெய், ஒலாரே மொட்டொரொகி, மாரா நார்த் எல்லாம் அந்த வகைதான். படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் வண்டிகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. பாதையை விட்டு வண்டி இறக்கலாம், இரவில் விளக்கு போட்டுப் போகலாம், கைடோடு நடக்கலாம். தேசியக் காப்பகத்துக்குள் இவற்றுக்கு அனுமதி கிடையாது. அதாவது எங்களுக்கு எழுதிக் கொடுத்த இரவு சஃபாரி, நாங்கள் தங்க வைக்கப்பட்ட இடத்திலிருந்து நடக்கவே முடியாத காரியம். கன்சர்வன்சி கேம்ப்கள் சீசனில் ஒரு இரவுக்குத் தலைக்கு 500 டாலருக்கு மேல் போவது சாதாரணம். அந்தப் பணத்தை எங்களிடம் வாங்கிக்கொண்டு போட்டது வேறு கணக்கு.

எவ்வளவு வேறு என்பது கேம்ப் மேலாளரின் லெட்ஜரில் தெரிந்தது. எங்களுக்குக் கொடுத்த டென்ட்டில் வெந்நீர் வரவில்லை என்று சொல்லப் போனேன். அவர் எங்கள் வரியைத் தேடி விரல் வைத்தார். அம்மாவின் பெயர் தப்பாக, '4 பேர், பட்ஜெட், மூன்று வேளைச் சாப்பாட்டுடன்' என்று நீலப் பேனாவில். பதிவு செய்த தேதி நாங்கள் விமானம் ஏறுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான். நாங்கள் முழுப் பணமும் கட்டியது பிப்ரவரியில். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ள அவர் மறுக்கவில்லை. இன்றைக்கு எங்கள் புகாரில் முதல் ஆவணம் அதுதான். இரண்டாவது ஆவணம், பிடிஎஃப்பில் பெயர் போட்டிருந்த அந்தக் கன்சர்வன்சி கேம்ப்புக்கு நான் அனுப்பிய மின்னஞ்சலின் பதில்: இந்தப் பெயர்களில் எங்களிடம் எந்தத் தேதிக்கும் முன்பதிவு வந்ததே இல்லை.

'ஆற்றைக் கடக்கும் காட்சி உறுதி' என்றும் போட்டிருந்தார்கள். இதை எந்த டிராவல்ஸ் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வில்டபீஸ்ட் என்ற காட்டு விலங்குக் கூட்டம் மாரா ஆற்றைக் கடந்து வந்து அந்தப் பக்கம் இருக்கும், சரி. ஆனால் கரையில் ஆயிரக்கணக்கில் வந்து நின்று, நாள் முழுக்க நின்று, திரும்பிப் போகவும் செய்யும். யாராலும் உறுதி தர முடியாது.

நைவாஷாவில் படகு சவாரி ஒழுங்காக நடந்தது, நீர்யானை பார்த்தோம், குறை சொல்ல ஒன்றுமில்லை. நைரோபியில் அநாதை யானைக்குட்டிகளைப் பராமரிக்கும் ஷெல்ட்ரிக் காப்பகம் எங்கள் திட்டத்தில் இருந்தது. பொதுமக்களுக்கு அது காலை 11 முதல் 12 வரை ஒரு மணி நேரம்தான், முன்பதிவு இல்லாமல் விடமாட்டார்கள். முன்பதிவே செய்யவில்லை. அம்மா அதைத்தான் ஆசையாக எதிர்பார்த்திருந்தார். வாசலோடு திரும்பினோம். 'இணையான' இடமாக ஒட்டகச்சிவிங்கி மையத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

பயணத்துக்கு முன்னால் நடந்த இன்னும் இரண்டு சில்லறைத் திருட்டுகளையும் சொல்லிவிடுகிறேன். கென்யாவுக்கு இப்போது விசா கிடையாது, 2024 ஜனவரி முதல் இடிஏ என்ற மின்னணு அனுமதி. அரசுத் தளத்தில் 30 டாலர். எங்களிடம் வாங்கியது ஆளுக்கு ஆறாயிரத்து ஐநூறு. அதுகூடப் போகட்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கேட்டபோது "ஏர்போர்ட்லயே போட்டுக்கலாம் மேடம்" என்று வாய் கூசாமல் சொன்னார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். நாங்கள் முன்கூட்டியே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கூடுதல் கவனம் தேவை என்பதால் அப்பா தன் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போட்டார். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் அதைச் செய்யுங்கள்.

திரும்பி வந்த பிறகு தெரிந்தது டிசிஎஸ் கதை. டிசிஎஸ் என்பது விற்பவரே நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அப்போது ஏழு லட்சம் வரை 5 சதவீதம் டிசிஎஸ் பிடிக்க வேண்டும். என் பான் எண்ணிலும் கணவரின் பான் எண்ணிலும் ஏழேழு லட்சமாகப் பிரித்துக் கட்டினோம்; ஆளுக்கு முப்பத்தைந்தாயிரம் பிடித்தார்கள். வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், நம் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் படிவமான 26ஏஎஸ்ஸில் ஒரு ரூபாய் இல்லை. டிசிஎஸ் பிடித்ததற்கான 27டி சான்றிதழ் கேட்டேன், "ஆடிட்டர் லீவு" என்றார்கள். அந்த ஆடிட்டர் இரண்டு மாதமாக லீவில் இருக்கிறார். பேக்கேஜ் பணம் கட்டிய எல்லோரும் உங்கள் 26ஏஎஸ்ஸை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள், டூர் நன்றாக நடந்திருந்தாலும்கூட.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முதலில் சீசன், அட்ஜஸ்ட் என்று பூசி மெழுகினார்கள். அப்புறம் கபினியில் இரண்டு இரவு இலவசம் என்றார்கள். அப்புறம் ஃபோன் எடுப்பதை நிறுத்தினார்கள். கார்டில் கட்டினால் 2 சதவீதம் கூடுதல் என்று சொல்லி நெஃப்ட்டில் வாங்கியதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது: கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் தகராறு எழுப்பியிருக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தோம், அதற்கும் அவர்கள் மசியவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகப் புகார். கட்டிய தொகை ஐம்பது லட்சம் வரை இருந்தால் மாவட்டத்திலேயே முடியும், எங்கள் தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்க வேண்டியவை: ஒவ்வொரு கேம்ப்பிலிருந்தும் உங்கள் பெயரோடு வந்த முன்பதிவு எண், விமானத்துக்கு விமான நிறுவனத்தின் பிஎன்ஆர், எத்தனை நாள் பார்க் கட்டணம் என்று எண்ணால் எழுதிய வரி, நைரோபியில் உண்மையில் வண்டி ஓட்டப்போகும் நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனத்துக்குக் கென்யச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்க வேண்டும். கென்ய டூர் ஆபரேட்டர் சங்கமான காட்டோவின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். கேம்ப்புக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் போட்டால் பதில் வந்துவிடும். இதைக் கேட்டதும் "எங்க மேல நம்பிக்கை இல்லையா மேடம்" என்று ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

'இணையான விடுதி' என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மாட்டோம் என்றால், மாற்றினால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லி நம் சம்மதம் வாங்க வேண்டும், சம்மதிக்காவிட்டால் முழுப் பணம் திரும்ப வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

கைடுக்கான டிப்ஸையும் பேக்கேஜில் சேர்த்து வாங்கியிருந்தார்கள், நாளைக்குப் பதினைந்து டாலர் என்று கணக்குப் போட்டு. கடைசி நாள் விமான நிலையத்தில் அவரிடம் கேட்டேன், ஒன்றும் வரவில்லை என்றார். அவருடைய சம்பளமே பாதி நிலுவையாம். டிப்ஸைப் பேக்கேஜிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், அதைக் கைடின் கையிலேயே கொடுங்கள்.