ஜூனிப்பர் தொட்டி மாற்ற ரெடிமேட் கலவை: சலிக்காமல் போடாதீங்க

பாளையங்கோட்டை நர்சரி ஒன்றில் வாங்கிய 5 கிலோ போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) கலவை இது. செங்கல் சல்லி, பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), கொஞ்சம் தேங்காய் நார்த்தூள். சல்லி நன்றாக வெந்தது, நகத்தால் கீறினாலும் உதிரவில்லை. குறை தூள்தான். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் டம்ளர் முழுக்கச் செங்குழம்பு. அந்தத் தூள் தொட்டியின் அடியில் படிந்து துளையை அடைக்கும், வேர் அழுகும். ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தில் இது மோசம்: வேர் செத்தும் இலை சில வாரம் பச்சையாகவே நிற்கும், பழுக்கும்போது காப்பாற்ற வழியில்லை. 2 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் எடுங்க. நார்த்தூளும் பெரும்பாலும் போய்விடும், போகட்டும். நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

மாற்ற ஏற்ற காலம் தை. பங்குனி வெயிலுக்குள் புது வேர் பிடிக்கும். வேர்க்கட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீங்க, மொத்த மண்ணையும் கழுவவும் வேண்டாம். வெள்ளை நூலாகத் தெரிவது வேருக்கு உதவும் பூஞ்சை, அதை விட்டுவிடுங்க. துளைமேல் வலை, பிறகு மரம் ஆடாதபடி கம்பிக்கட்டு. மூங்கில் குச்சியால் குத்திக் குத்திக் கலவையை வேரிடுக்கில் இறக்கி, தெளிந்த நீர் வடியும்வரை ஊற்றுங்க. 3 வாரம் நிழல்வலை, ஒரு மாதம் உரம் கூடாது.

சலிக்கும் பொறுமை இருந்தால் வாங்கலாம்.