ஓட்டப் பயிற்சி அட்டவணையை ஏஐ முகவரிடம் விடுவதற்கு முன்: இன்டர்வல்ஸ்.ஐசியு மதிப்புரை

அரை மாரத்தானுக்கான வார அட்டவணையை, நம் சார்பில் பிற இணையச் சேவைகளையும் இயக்கக்கூடிய செயற்கை நுண்ணறிவு நிரலான ஏஐ முகவரிடம் கேட்டால் அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். எழுதியது விடியற்காலையில் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்துக்குச் சரியாக வந்து சேர்வதில்தான் சிக்கல் இருக்கிறது. அதற்காக நான் சில மாதங்களாகப் பயன்படுத்திவரும் இணையச் சேவை இன்டர்வல்ஸ்.ஐசியு. சைக்கிள் வீரர்களிடையே முதலில் பெயர் பெற்ற இச்சேவை ஓட்டக்காரர்களுக்கும் முழுமையாகப் பயன்படுகிறது. கட்டணம் இல்லை, விரும்புவோர் சந்தா செலுத்தி ஆதரிக்கலாம். ஓட்டக் கடிகாரங்களைத் தயாரிக்கும் கார்மினின் கணக்கை இணைத்து, திட்டமிட்ட பயிற்சிகளை அனுப்பும் அமைப்பைத் தேர்ந்துவிட்டால், நாட்காட்டியில் இட்ட பயிற்சி கட்டம் கட்டமாகப் பிரிந்து கடிகாரத்தில் வந்து நிற்கிறது.

முகவர்களுக்கு இது பொருந்திவரக் காரணம், இங்கே ஒரு பயிற்சி என்பது வெறும் உரை என்பதே. சிறுகோடு இட்டு ஒரு வரி எழுதினால் அது ஒரு கட்டம். அந்த வரியில் நேரமோ தூரமோ, அதனுடன் வேகமோ இதயத்துடிப்பு மண்டலமோ (துடிப்பு இருக்க வேண்டிய வரம்பு) இருக்கும். பெட்டிகளை இழுத்துப் போட்டுப் பயிற்சியை அமைக்கும் செயலிகளில் முகவர் செய்ததைச் சரிபார்க்க ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். இங்கே முகவர் எழுதியதும் நான் படிப்பதும் கணினி புரிந்துகொள்வதும் ஒரே பத்து வரிகள்தாம். என் கணக்கில் இச்சேவையின் ஆகப்பெரிய பலம் இதுதான்.

இணைப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன. சேவையின் ஏபிஐ-யை, அதாவது பிற நிரல்கள் அதனுடன் பேசுவதற்கான வாசலை, முகவர் நேரடியாக அழைக்கலாம். அல்லது 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் வெளியிட்ட, முகவர்களை வெளிச் சேவைகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையைப் பின்பற்றித் தன்னார்வலர்கள் எழுதியிருக்கும் சேவையகங்களில் ஒன்றை இடையில் வைக்கலாம். எந்த வழியில் போனாலும், முகவர் படிப்பதற்கென்று ஒரு பக்கக் கையேட்டை நாமே எழுதிவைப்பது அவசியம் என்பதை ஒரு தவறுக்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

வார்ம்-அப்புக்குப் பின் எட்டு முறை 400 மீட்டர், நடுவில் இரண்டு நிமிட மெல்லோட்டம் என்று ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியை முகவரிடம் கேட்டிருந்தேன். நாட்காட்டியைத் திறந்தபோது அந்தப் பயிற்சியின் மொத்த நேரம் 53 மணி நேரத்துக்கு மேல் என்று காட்டியது. இந்தச் சேவையின் எழுத்து முறையில் எண்ணை அடுத்து வரும் 'எம்' என்ற ஒற்றை எழுத்து நிமிடத்தைக் குறிக்கும். மீட்டருக்கு 'எம்டிஆர்' என மூன்று எழுத்துகள் இட வேண்டும். உலகெங்கும் ஓட்டக்காரர்கள் 400 மீட்டரை எழுதும் வழக்கப்படியே முகவர் எழுதியிருக்கிறது. நான் அதற்குக் கொடுத்திருந்த குறிப்பில் இந்த வேறுபாடு இல்லை. மனிதர் ஒருவர் திரையில் தட்டச்சு செய்திருந்தால் பக்கத்தில் உயரும் வரைபடத்தைப் பார்த்து உடனே திருத்தியிருப்பார். முகவரோ ஏபிஐ ஏற்றுக்கொண்டது என்ற பதிலையே வெற்றியாக எடுத்துக்கொண்டு அடுத்த நாளுக்குப் போய்விடுகிறது. ஏபிஐ-யின் பார்வையில், பயிற்சி வரிகள் போய்ச் சேரும் விளக்கப் புலம் என்பது ஓர் எழுத்துச்சரம் மட்டுமே, அதில் எதை இட்டாலும் பிழையாகாது.

அன்றிலிருந்து என் கையேட்டின் முதல் வரி அலகுகளைப் பற்றியது. 'எட்டு முறை' என்பது போல மீள்செய்யும் தொகுதிக்கு முன்னும் பின்னும் வெற்று வரி விட வேண்டும் என்பது அடுத்தது. விடாவிட்டால் கடைசியில் வரவேண்டிய கூல்-டவுனும் தொகுதிக்குள் சேர்ந்துவிடும். வேகத்தைச் சதவீதத்தில் சொன்னால் அது நம் த்ரெஷோல்ட் வேகத்தின், அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய கடும் வேகத்தின், சதவீதம். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் நம் த்ரெஷோல்ட் என்றால் 80 சதவீதம் என்பது 6 நிமிடம் 15 நொடி. நிமிடக் கணக்கைச் சதவீதத்தால் பெருக்கி 4 நிமிடம் என்று முகவர் புரிந்துகொண்டால் எளிய ஓட்டம் பந்தயத்தை விடக் கடுமையாகிவிடும். இதை எடுத்துக்காட்டோடு எழுதிவைத்திருக்கிறேன்.

தேதியிலும் கவனம் வேண்டும். தொடக்க நேரம் உள்ளூர் நேரமாக, நேர மண்டலக் குறியீடு இல்லாமல் கொடுக்கப்பட வேண்டும். உலகப் பொது நேரத்துக்கு முகவர் மாற்றிவிட்டால், இந்தியாவில் காலை 5 மணி ஓட்டம் முந்தைய நாள் இரவு 11:30-க்குப் போய், தேதியே பிறழ்ந்துவிடும். ஒரே வாரத்தை முகவர் இருமுறை அனுப்பினால் நகல்கள் உருவாகாமல் இருக்க ஒவ்வொரு பயிற்சிக்கும் வெளி அடையாளம் (நாமே இடும் தனிப் பெயர்) ஒன்றைக் கொடுத்து, இருப்பதைப் புதுப்பிக்கும்படி கேட்கும் வசதி உண்டு. அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள்.

முடித்த ஓட்டங்களைப் பார்த்து அடுத்த வாரத்தை முகவர் மாற்றியமைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒன்றை முன்பே அறிந்திருப்பது நல்லது. உடற்பயிற்சிப் பதிவுச் செயலியான ஸ்ட்ராவா வழியாக வந்த ஓட்டங்களின் தரவு ஏபிஐ-யில் கிடைக்காது. ஸ்ட்ராவா 2024 நவம்பரில் தன் ஏபிஐ விதிகளை இறுக்கி, அத்தரவை ஏஐ மாதிரிகளில் பயன்படுத்துவதற்கும் தடை விதித்தது. ஆகவே கார்மின் போன்ற கடிகார நிறுவனத்தின் கணக்கை நேரடியாக இணைப்பதே வழி.

கடைசியாகச் சாவி. அமைப்புகள் பக்கத்தில் கிடைக்கும் ஏபிஐ சாவி, கடவுச்சொல் போன்ற ஓர் எழுத்துத்தொடர், நம் கணக்கு முழுவதையும் திறக்கும். பயிற்சி நாட்காட்டியோடு தூக்கம், ஓய்வுநிலை இதயத்துடிப்பு போன்ற உடல்நலப் பதிவுகளும் அதில் அடங்கும். அதை உரையாடலில் ஒட்டாமல், முகவருக்குத் தெரியாதபடி சேவையகத்தின் அமைப்பிலேயே இருக்கும் சூழல் மாறியில் வைத்திருக்கிறேன். அழிக்கும் கருவியை முகவரின் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டேன். வேண்டாத பயிற்சியை ஞாயிறு மாலை, வாரத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்து, என் கையாலேயே அழிக்கிறேன்.